ஆளில்லாத படம்

என் வீட்டு முன்னறையில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறது. இடிந்துபோன சர்ச் ஒன்றின் படம். கூரை இல்லை. பலிபீடம் இருந்த இடத்தில் ஒரு வளைவு மட்டும் நிற்கிறது. வளைவுக்குள் வானம் தெரிகிறது. சுவர் முழுவதும் புழு அரித்தாற்போல் சின்னச் சின்னத் துவாரங்கள். பவளப் பாறையை வெட்டிக் கட்டிய சுவர் அது. கீழே மணல். மனிதர் ஒருவரும் இல்லை. தனுஷ்கோடியில் நானே எடுத்த படம்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அதன்முன் ஒரு நிமிஷம் நிற்காமல் போவதில்லை. என் கதைகளைப் படித்துவிட்டு, "பரவாயில்லை, நன்றாய்த்தான் இருக்கிறது" என்று அளந்து பேசுகிற சிநேகிதர்கள்கூட இந்தப் படத்தைப் பார்த்தால் தாராளமாகிவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு முன்பு வந்திருந்த நண்பர் ஒருவர், காப்பி ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஓர் ஈ காக்கை இல்லை பாருங்கள். அதுதான் ஐயா இதன் உயிர். எல்லாரும் போய்விட்டார்கள், கல் மட்டும் நிற்கிறது."

வழக்கம்போல் நான் ஒரு புன்னகையோடு அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டிருக்கலாம். அன்று ஏனோ முடியவில்லை.

"ஓர் அம்மாள் இருந்தாள். நான்தான் தள்ளி நிற்கச் சொன்னேன்" என்றேன்.

நண்பர் சிரித்தார். "அதனால் என்ன? படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தானே!" என்று சொல்லிவிட்டு, ஆறிய காப்பியை ஒரே மூச்சில் குடித்தார்.

அதனால் என்ன என்ற கேள்வி, அவர் போன பிறகும் என் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதைத்தான் இங்கே கொஞ்சம் விசாரித்துப் பார்க்க நினைக்கிறேன். பாழடைந்த கட்டடங்களைப் படம் எடுப்பது இன்று எத்தனையோ பேருக்கு ஒரு பித்தாக இருக்கிறது. எனக்கும் அந்தப் பித்து உண்டு. ஆகவே இது பிறரைக் குற்றம் சொல்லும் கட்டுரை அன்று. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற குற்றவாளிகளில் ஒருவன் எழுந்து பேசுவதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, சித்திரை மாதத்தில், ராமேசுவரம் போனவன் தனுஷ்கோடிக்கும் போனேன். என் மைத்துனன் இரவலாகக் கொடுத்திருந்த உயர்ந்த ரகக் காமிரா ஒன்று தோளில் தொங்கியது. முன்பெல்லாம் அந்த ஊருக்கு மணலில் ஓடுகிற வேன்களில், எலும்பு கழன்றுவிடுமோ என்று பயந்துகொண்டே போகவேண்டும். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் கடல்; நடுவில் கத்தி விளிம்புபோல் சாலை. இப்போது பஸ்ஸே போகிறது.

சர்ச்சுக்கு முன்னால் சங்கும் சிப்பி மாலையும் விற்கிற கடைகள் இருந்தன. கடை என்றால் ஒரு பலகை, அதன்மேல் ஒரு துணி, அவ்வளவுதான். அவற்றில் ஒன்று சுவரை ஒட்டினாற்போல் இருந்தது. அதன் பின்னால் எழுபதை நெருங்குகிற ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நான் எடுக்க நினைத்த படத்தின் சரியான மையத்தில் அவள் இருந்தாள்.

"அம்மா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? ஒரு படம் எடுத்துக்கிறேன்" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பலகையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள். நான் காத்திருந்தேன். கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று கடந்து போகவேண்டியிருந்தது. பிறகு ஒரு நாய். பிறகு ஒரு மேகம் சரியான இடத்துக்கு வரவேண்டியிருந்தது. இருபது நிமிஷம் ஆயிற்று. கடைசியில் நான் விரும்பியபடியே எல்லாம் அமைந்தது. அமைந்தது என்றா சொன்னேன்? அமைத்தேன்.

படம் நன்றாக வந்துவிட்ட சந்தோஷத்தில் அவளிடம் ஒரு சிப்பி மாலை வாங்கினேன். அதை இப்போது நினைத்தால், கோயில் வாசலில் சில்லறை போட்டுவிட்டு மனசாட்சியைச் சமாதானம் செய்துகொள்கிற ஆசாமியின் ஞாபகம் வருகிறது.

"நீங்க இந்த ஊரா அம்மா?"

"இதே ஊருதான் தம்பி. இந்தக் கோயில்லதான் எனக்கு ஞானஸ்நானம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதை எழுதுகிறவனின் காது உடனே விடைத்துக்கொண்டது. புயல் அடித்த இரவைப் பற்றிக் கேட்டேன். அவள் நாலே வாக்கியத்தில் சொன்னாள். அப்போது அவளுக்கு ஏழு வயசு. அம்மா குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு தங்கச்சிமடத்துப் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பா மட்டும் போகவில்லை. "கிறிஸ்மஸுக்கு மூணு நாளுதானே இருந்துச்சு, குடில் கட்டுறாங்கன்னு இங்கேயே இருந்துட்டாரு." அதற்குமேல் அவள் சொல்லவில்லை.

நான் விடவில்லை. "அதனாலதான் தினமும் இந்தச் சுவர்கிட்டயே உட்கார்றீங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நிழலு தம்பி. இந்நேரத்துக்கு இங்க ஒண்ணுலதான் நிழல் விழும்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சித்திரை வெயிலில், இருபது நிமிஷம், அவளை நிழலிலிருந்து எழுப்பி நிற்கவைத்திருந்தேன்.

இந்த இடத்தில் அந்த ஊரின் கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அவள் எங்கே நின்றாள் என்பது புரியாது.

1914-ல் பாம்பன் பாலம் திறந்தபோது தனுஷ்கோடிக்கு யோகம் அடித்தது. சென்னை எழும்பூரில் ரயில் ஏறினால் தனுஷ்கோடிக் கடற்கரை வரையில் வண்டி வரும். அங்கே கப்பல் காத்திருக்கும். சுமார் 35 கிலோ மீட்டர் கடலைக் கடந்தால் தலைமன்னார். அங்கே மறுபடியும் ரயில். பொழுது விடிந்தால் கொழும்பு. சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட் கொழும்பு வரை செல்லும். போட் மெயில் என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். வியாபாரிகள் போனார்கள், தேயிலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு ஏழை ஜனங்கள் போனார்கள், பக்தர்கள் வந்தார்கள். சுங்க அலுவலகம், தபாலாபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில், சர்ச் எல்லாம் அந்த மணல் திட்டில் இருந்தன. ஓர் ஊருக்கு வேண்டியது எதுவும் குறைவில்லை.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, விடிந்தால் 23, புயல் வந்தது. சுமார் ஏழு மீட்டர் உயரத்துக்கு அலை எழும்பியது என்கிறார்கள். பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன்னால் புறப்பட்ட பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நின்றது. கடல் அதை அப்படியே வாரிக்கொண்டு போயிற்று. வண்டியில் இருந்தவர்கள் சுமார் 115 பேர் என்பது ரயில்வேயின் கணக்கு. டிக்கெட் வாங்காமல் ஏறியவர்களுக்குக் கணக்கில் இடம் இல்லை. அந்தப் புயலில் மொத்தம் 1,800 பேராவது இறந்திருப்பார்கள் என்று சொல்வது வழக்கம். பாம்பன் பாலத்தை 46 நாளில் செப்பனிட்டுவிட்டார்கள். தனுஷ்கோடியைச் செப்பனிடவில்லை. மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்தது. ரயில் ராமேசுவரத்தோடு நின்றுவிட்டது.

சர்க்கார் அறிவித்ததே தவிர, மனிதர்கள் கேட்கவில்லை. கடல்தானே அவர்களுக்கு வயல்? வயலை விட்டுவிட்டு எங்கே போவது? மீனவர்கள் திரும்பி வந்து ஓலைக் குடிசை போட்டுக்கொண்டார்கள். மணலைக் கையால் தோண்டினால் ஊறுகிற நல்ல தண்ணீரைக் குடித்துக்கொண்டு, இரண்டு கடலிலும் வலை வீசிக்கொண்டு, அங்கேதான் இருக்கிறார்கள்.

'கைவிடப்பட்ட ஊர்' என்று அதைப் பத்திரிகைகளில் எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். கைவிடுதல் என்றால், பிடித்திருந்த கை ஒன்று விட்டுவிட்டது என்று அர்த்தம். யாருடைய கை விட்டது? அந்த அம்மாளின் கை விடவில்லை. அவள் அப்பாவின் கை, பாவம், விட்டதா, பிடுங்கப்பட்டதா? விட்டது ரயிலின் கை. சுங்க இலாகாவின் கை. நம்மைப்போலக் கொழும்புக்குப் போகிற வழியில் அந்த ஊரைப் பயன்படுத்திக்கொண்ட பிரயாணிகளின் கை. நாம் விட்டதை, எல்லாரும் விட்டுவிட்டதாக எழுதிக்கொள்கிறோம்.

செட்டிநாட்டில் ஒருமுறை எனக்கு இதே பாடம் கிடைத்தது. ஒரு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீண்ட பெரிய வீடு. கதவில் பூட்டு. முற்றத்தில் புல் முளைத்திருந்ததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பர்மா தேக்குத் தூண்கள் இருட்டில் நின்றன. "ஐயோ, இப்படிக் கைவிட்டுவிட்டார்களே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சாவி வைத்திருந்த காவல்காரப் பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருய்யா கைவிட்டா? பதினெட்டுப் புள்ளிக்குப் பங்கு இருக்கு. படைப்புக்கு அத்தனை பேரும் வந்துடுவாக" என்றார். பூட்டிய வீட்டுக்கும் கைவிட்ட வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் காமிராவுக்குத் தெரியாது. அதைப் பிடித்திருக்கிறவனுக்காவது தெரியவேண்டாமா?

சரி, இடிபாட்டில் அழகைக் காண்பதே பாவமா என்று கேட்டால், அப்படி நான் சொல்லமாட்டேன். நேற்றுக் கட்டிய கட்டடத்தின்முன் நிற்கும்போது அதைக் கட்டியவனின் செல்வாக்குத்தான் நம் கண்ணில் படுகிறது. இடிந்த கட்டடத்தின்முன் நிற்கும்போது நம்முடைய சொந்த ஆயுள் ஞாபகத்துக்கு வருகிறது. எத்தனை பெரிய மனிதனும் அங்கே குரலைத் தாழ்த்திக்கொள்கிறான். இது நல்லதுதான். அதோடு, இன்னொரு நியாயமும் உண்டு. தனுஷ்கோடிச் சுவர்கள் உப்புக் காற்றில் வருஷத்துக்கு வருஷம் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. இன்னும் கொஞ்ச காலத்தில் படம் மட்டுமே மிஞ்சலாம். எடுக்காமல் இருப்பதைவிட எடுப்பது எத்தனையோ மேல்.

என் உறுத்தல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆளில்லாத படம் வேண்டும் என்ற ஆசை நமக்கு ஏன் வருகிறது? அதுதான் என் கேள்வி.

அமெரிக்காவில் டெட்ராய்ட் என்ற நகரம் இருக்கிறது. மோட்டார்க் கார் தொழிலின் தாய்வீடு. 1950-ல் அங்கே சுமார் பதினெட்டரை லட்சம் ஜனங்கள் இருந்தார்கள். தொழில் சரிந்தது, வெள்ளைக்காரர்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்தார்கள், 2020-ல் எஞ்சியவர்கள் சுமார் ஆறு லட்சத்து நாற்பதாயிரம். 1913-ல் திறந்த பிரம்மாண்டமான ரயில் நிலையத்திலிருந்து 1988-ல் கடைசி வண்டி புறப்பட்டது. பிறகு முப்பது வருஷம் அது கண்ணாடி உடைந்து, சுவர் உரிந்து, மழையில் நனைந்து கிடந்தது. உலகத்தில் உள்ள புகைப்படக்காரர்கள் எல்லாரும் அங்கே படையெடுத்தார்கள். அருமையான படங்கள். ஒன்றிலும் ஆள் இல்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு இது ஆத்திரத்தை உண்டாக்கிற்று. 'ஆறு லட்சம் பேர் இங்கே குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டு, வாடகை கட்டிக்கொண்டு வாழ்கிறோம். எங்களை எல்லாம் மறைத்துவிட்டு இதைச் செத்த ஊர் என்கிறீர்களே' என்பது அவர்கள் வழக்கு.

இதில் எனக்குப் பிடித்த மனிதர் ஒருவர் உண்டு. கமிலோ ஹோசே வெர்கரா என்று பெயர். சிலி நாட்டில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த புகைப்படக்காரர். டெட்ராய்டின் நடுவில் காலியாய் நின்ற வானளாவிய கட்டடங்களை இடிக்காமலும் புதுப்பிக்காமலும், ஏதென்ஸ் நகரத்துக் கோயில்களைப்போல் இடிபாடுகளாகவே காப்பாற்றலாம் என்று 1995-ல் அவர் ஒரு யோசனை சொன்னார். ஊரே அவர்மேல் பாய்ந்தது. பாய்ந்ததில் தப்பில்லை. ஆனால் அந்த மனிதர் செய்த வேறொரு காரியம் இருக்கிறது. அமெரிக்காவின் ஏழைப் பேட்டைகளில், அதே தெருமுனைக்கு, அதே வீட்டுக்கு, பத்து வருஷம், இருபது வருஷம், முப்பது வருஷம் என்று திரும்பத் திரும்பப் போய்ப் படம் எடுத்தார். வீடு கடையாகிறது, கடை சர்ச்சாகிறது, சர்ச் மண்மேடாகிறது, மண்மேட்டில் யாரோ கீரை போடுகிறார்கள். ஒரு தடவை போனவனுக்கு அது பாழ். முப்பது தடவை போனவனுக்கு அது வாழ்க்கை. அந்த ரயில் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் ஃபோர்டு கம்பெனி அதை வாங்கிப் புதுப்பித்து, 2024-ல் ஜனங்களுக்குத் திறந்துவிட்டது. செத்துப்போனது என்று படம் எடுத்தவர்கள் இப்போது என்ன சொல்வார்கள்?

ஆளில்லாத படத்தின்மேல் நமக்கு ஆசை ஏன் என்றால், ஆள் இருந்தால் அவன் ஏதாவது கேட்பான். 'என்ன விஷயம்? யார் நீங்கள்? இதை என்ன செய்யப்போகிறீர்கள்?' என்று கேட்பான். கல் கேட்காது. கல்லின்முன் நாம் எவ்வளவு துக்கப்பட்டாலும் ஒரு பைசா செலவில்லை. அந்தத் துக்கம் நம் மனசுக்கு இதமாகக்கூட இருக்கிறது. உயிரோடு இருக்கிற துக்கக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றால் அந்த இதம் கெட்டுப்போகிறது. ஆகவே அவரை, "அம்மா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்கிறோம்.

இதுவரை சொன்னது காமிராவின் குற்றம். என் குற்றம் இதோடு முடியவில்லை.

ஊர் திரும்பியதும் நான் ஒரு சிறுகதை எழுதினேன். புயலில் தகப்பனை இழந்த ஒரு பெண், கிழவியான பிறகும், இடிந்த சர்ச்சின் சுவரடியில் தினமும் வந்து உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்பா கட்டிய குடிலைத் தேடுகிறாள். பத்திரிகையில் வந்தது. நிறையக் கடிதங்கள் வந்தன. படித்துவிட்டு அழுததாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அந்தக் கதையில் அவள் நிழலுக்காக உட்காரவில்லை.

'கதை என்றால் கற்பனைதானே, இதில் என்ன தப்பு?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். கதை, கோர்ட்டில் கொடுக்கிற வாக்குமூலம் அன்று என்பது எனக்கும் தெரியும். முகம் தெரியாத ஒரு பாழ்வீட்டைப் பார்த்து, இதில் யார் இருந்திருப்பார்கள் என்று கற்பனை செய்ய எனக்கு உரிமை உண்டு. என் பிழைப்பே அதுதான். ஆனால் இங்கே நான் கற்பனை செய்யவேண்டிய அவசியமே இல்லை. கேட்டேன், அவள் பதில் சொன்னாள், அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. நிழல் என்பது எனக்குச் சப்பென்று இருந்தது. ஆகவே அவள் சொன்னதை எடுத்துப் போட்டுவிட்டு, அவள் சொல்லியிருக்கவேண்டியதை நான் எழுதினேன். படத்திலிருந்து அவளை அப்புறப்படுத்தினேன். கதையில் அவளை உட்காரவைத்து, அவள் வாயை அப்புறப்படுத்தினேன். இரண்டில் எது பெரிய குற்றம் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இரண்டாவதுதான் என்று சந்தேகப்படுகிறேன். ஏனென்றால் முதலாவதற்கு அவளிடம் அனுமதியாவது கேட்டேன்.

நண்பர் 'அதனால் என்ன?' என்று கேட்டுவிட்டுப் போன பிறகு, இந்த நினைப்பு என்னை அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் இந்தத் தை மாதத்தில், அந்தப் படத்தின் பிரதி ஒன்றை நல்ல காகிதத்தில் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடியும் ராமேசுவரத்துக்கு ரயில் ஏறினேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று திட்டமிட்டு, ரயிலிலேயே இரண்டு மூன்று வாக்கியங்கள் தயாரித்து வைத்திருந்தேன். எழுத்தாளன் புத்தி!

அவள் இருந்தாள். அதே சுவர்; அதே பலகை. என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. படத்தைக் கொடுத்தேன். பக்கத்துக் கடைக்காரரிடம் மூக்குக் கண்ணாடியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"நம்ம கோயிலு" என்றாள். பிறகு சட்டென்று விரலை ஒரு மூலையில் வைத்தாள். "இந்தா பாரு, இந்த மூலை அப்ப இருந்திருக்கு! மழையில விழுந்துச்சே, அதுதான் இது" என்று பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவரும் வந்து பார்த்தார். இருவரும் படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்து, எது எது இருந்தது, எது எது போயிற்று என்று ஒரு கணக்கே எடுத்துவிட்டார்கள். என் மேகமோ, வளைவுக்குள் நான் கொண்டுவந்து நிறுத்திய வானமோ அவர்கள் கண்ணில் படவே இல்லை. ஒரு நிலப் பத்திரத்தைப் பார்ப்பதுபோல் அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

"நீங்க இதில இல்லையே அம்மா. நான்தான் அன்னைக்குத் தள்ளிக்கச் சொன்னேன். வெயில்ல நின்னீங்க" என்றேன்.

"எல்லாருந்தான் சொல்றாங்க தம்பி. கலியாண ஜோடியெல்லாம் வந்து படம் எடுக்குது. எடுத்து முடிச்சதும் நான் வந்து உக்காந்துக்குவேன்" என்றாள்.

ரயிலில் தயாரித்த வாக்கியங்களில் ஒன்றுகூட எனக்கு உதவவில்லை. ஆனாலும் கதையைப் பற்றிச் சொல்லாமல் வர மனசு கேட்கவில்லை, சொன்னேன். அப்பாவை நினைத்துக்கொண்டு அவள் அங்கே உட்கார்ந்திருப்பதாக எழுதியதைச் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. ஒரு சங்கை எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டே, "அப்பாவை நினைக்கிறதுக்கு இங்க வந்து உக்காரணுமா தம்பி?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப்போலக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

இடிபாடுகளைப் பார்த்து, ஞாபகம் அங்கே குடியிருக்கிறது என்று நாம் எழுதுகிறோம். நமக்கு ஞாபகம் இல்லாததனால்தான் கல்லில் போய்த் தேடுகிறோம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஞாபகம் உள்ளவர்களுக்கு அந்தக் கல் நிழல் தருகிறது. அதில் சாய்ந்து உட்கார்ந்து அவர்கள் வியாபாரம் பார்க்கிறார்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஒரு சுவர் இடிந்த பிறகும் ஒருத்திக்கு நிழல் தருகிறது என்றால், கட்டியவர்கள் பார்த்தால் சந்தோஷப்படத்தான் செய்வார்கள்.

நான் எந்தத் தீர்ப்புக்கும் வந்துவிடவில்லை. படம் எடுப்பதை விட்டுவிடப் போவதுமில்லை. கதை எழுதுவதை விட்டுவிட எனக்கு வேறு தொழில் தெரியாது. இரண்டு சின்ன வழக்கங்களை மட்டும் ஏற்படுத்திக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் ஆள் இல்லை என்று தோன்றினால், காமிராவைத் திறப்பதற்கு முன் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்; பெரும்பாலும் யாராவது வந்துவிடுகிறார்கள். எடுத்த படத்தை, முடிந்தால், அந்த இடத்துக்கே ஒரு தடவை கொண்டுபோகிறேன். இவற்றால் உலகத்துக்குப் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. என் தூக்கத்துக்குக் கொஞ்சம் லாபம்.

அன்று அந்த அம்மாளை அவள் இடத்திலேயே உட்காரச் சொல்லி ஒரு படம் எடுத்தேன். சரியான நேரத்தில் கண்ணை மூடிவிட்டாள். ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்க் குடம் விழுந்திருக்கிறது. சங்கு பேரம் பேச வந்த யாரோ ஒருவருடைய காலும் விழுந்திருக்கிறது. வளைவு பாதிதான் தெரிகிறது. அதையும் கண்ணாடி போட்டு, முதல் படத்தின் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போதும் முதல் படத்தின்முன்தான் நிற்கிறார்கள். இரண்டாவதைப் பார்த்து, "இது யார், உங்கள் உறவா?" என்று கேட்கிறார்கள். "இல்லை, அந்த ஊர்க்காரி" என்று சொல்கிறேன். "எந்த ஊர்?" என்று கேட்கிறார்கள். முதல் படத்தைக் காட்டுகிறேன்.